சாலைக்கு இந்தப் பக்கத்துச் சட்ட நிபுணர்

சட்டம் படிக்காமலே சட்டம் சொல்லும் இனம் ஒன்று உலகில் உண்டு. மற்ற ஊர்களில் தேடிப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில், இரண்டு மாநிலங்களைப் பிரிக்கும் எல்லைச் சாலையில் எந்தச் சிற்றுண்டிக் கடைக்குள் நுழைந்தாலும் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சாலைக்குக் கிழக்கே மிசௌரி. அங்கே இருபத்தோரு வயது ஆன யாரும் கஞ்சா வாங்கலாம், ரசீதும் தருவார்கள். மேற்கே கேன்சஸ், இங்கே அதே பொட்டலம் சட்டைப் பையில் இருந்தால் குற்றம். இப்படி ஒரு சாலையைப் போட்டுவிட்டு, நிபுணர்கள் முளைக்கக் கூடாது என்றால் நடக்குமா?

நாங்கள் நாலைந்து பேர் தினமும் கூடும் கடை மேற்குப் பக்கம். எங்கள் நிபுணர் டெல்மர் ஹேவர்காம்ப், முப்பது வருஷம் ஏசி ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர். ஜன்னலோர மேஜை, இரண்டு முட்டை, குடிக்கக் குடிக்க நிரப்பப்படும் காப்பி. எதிரே கஞ்சாக் கடையின் பச்சை விளக்கு கண்ணில் பட வேண்டியதுதான். எந்த மாநிலத்தில் எத்தனை அவுன்ஸ் வைத்திருக்கலாம், எங்கே வீட்டில் செடி வளர்க்கலாம், எங்கே டாக்டர் சீட்டு வேண்டும், எங்கே சும்மா உல்லாசத்துக்கே வாங்கலாம், எங்கே வாசனை வந்தாலே காரைச் சோதிப்பார்கள் என்று ஐம்பது மாநிலங்களையும் முட்டை ஆறுவதற்குள் சுற்றி வந்துவிடுவார். நடுவில் யாராவது சந்தேகம் கேட்டால், ஷெரீஃப் ஆபீசில், அதாவது உள்ளூர்ப் போலீசில், வேலை பார்க்கும் மச்சினனை இழுப்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் முள்கரண்டியைக் கீழே வைப்பார். நாங்கள் நாலு பேரும் தலையாட்டுவோம். "தெரியாது" என்ற சொல்லை அந்த மேஜையில் நான் கேட்டதே இல்லை.

போன வசந்தத்தில் ஒரு நாள், காலை டிரிப் முடித்து ரோவீனா ப்ரூயிட் வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருஷம். பிரேக்கை மிதித்து மிதித்து வலது முட்டி போய்விட்டது.

"டெல்மர், முட்டி வலியில தூக்கமே இல்லை. எதிர்க்கடையில ஏதோ கஞ்சா மிட்டாய் விக்கிறாங்களாமே, தின்னா வலி தெரியாதாம். ஆனா டிப்போவுல திடீர் திடீர்னு சிறுநீர் டெஸ்ட் எடுக்கறாங்க. என் வேலைக்கு ஏதாவது ஆயிடுமா?"

முள்கரண்டி கீழே இறங்கியது.

"ஒண்ணும் ஆகாது. வாங்கறது அந்தப் பக்கம், திங்கறதும் அந்தப் பக்கம். வயித்துக்குள்ள போனதைக் கேன்சஸ் என்ன பண்ணும்? மிசௌரி டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கி வெச்சுக்கோங்க. டெஸ்டுல வந்தாலும் மருந்து மருந்துதானே?"

"நிச்சயமாத் தெரியுமா?"

"என் மச்சினன் ஷெரீஃப் ஆபீஸ்ல இருக்கான்ம்மா."

ரோவீனா எங்கள் முகத்தையும் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். என் தலைதான் எல்லாரையும்விட நன்றாக ஆடியது.

சனிக்கிழமை அவர் சாலையைக் கடந்தார். கஞ்சாக் கடையின் கல்லாவில், கை நிறையப் பச்சை குத்திய ஒரு பெண். ரோவீனா அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றாள் அவள். "வித்தா எனக்கு நல்லதுதான். ஆனா உங்க பொழப்பாச்சே. டிப்போவுல கேட்டுட்டு வாங்க. மிட்டாய் எங்கயும் ஓடிடாது."

திங்கட்கிழமை டிப்போவில் கேட்டார். பேருந்து ஓட்டும் உரிமம் மத்திய அரசின் விதிக்குக் கட்டுப்பட்டதாம். எந்தப் பக்கம் தின்றாலும், எந்த டாக்டர் சீட்டு வைத்திருந்தாலும், டெஸ்டில் கஞ்சா தெரிந்தால் அன்றே வண்டியை விட்டு இறக்கிவிடுவார்களாம். வியாழக்கிழமை திடீர் டெஸ்டில் ரோவீனாவின் பெயரும் வந்தது. மிட்டாய் தின்னாததால் தப்பினார். மறுநாள் கடைக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது எனக்குக் காப்பி இறங்கவில்லை.

டெல்மருக்கு இறங்கியது. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே, மத்திய அரசு சட்டம் வேறன்னு" என்றார். சொன்னாரா? நாங்கள் அதற்கும் தலையாட்டினோம். ரோவீனா மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து மதிய டிரிப்புக்குப் போனார்.

டெல்மரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கேன்சஸை நீங்கள் வரைபடத்தில்கூடத் தேடியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் நாளைக்கு ஆபீசில் டீ குடிக்கும்போது, "அமெரிக்காவுல கஞ்சா சட்டம் எப்படின்னா, சாலைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு" என்று ஆரம்பிக்கத்தான் போகிறீர்கள். நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "என் பையன் அங்கதான் படிக்கிறான், ஏதோ வாங்கலாமான்னு கேக்கறான். பிரச்சினை ஒண்ணும் இல்லையே?"

அப்போது உங்கள் கையில் இருக்கும் டீ கிளாஸ், தானாகக் கீழே இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.