ஒரே ஒரு பொத்தான் போதும், சம்பந்தி!

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் சுகம். தங்கள் முழங்கால் வலியும், என் மேல் சம்பந்தியம்மாளுக்கு இருந்த கோபமும் இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நம் பிள்ளைகள் இருவரும் நலமே. அவர்களில் ஒருவரை நான் தோற்கடித்துவிட்டேன் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

ஓய்வுபெற்ற பின் பள்ளிகளுக்குக் கால அட்டவணை போட்டுத்தரும் மென்பொருள் ஒன்றை நான் எழுதியது தாங்கள் அறிந்ததே. கல்யாணத்தன்று தங்களைச் சாப்பிடப் போகவிடாமல் நிறுத்திவைத்து விளக்கினேனே, அதுதான். ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளுக்கு அது அனுப்பாது. நான் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை, "பள்ளி திறக்கிறதுக்குள்ள இறக்கிப் பார்க்கிறேன் சார். சரியா வந்தா இந்த வருஷம் இதுதான். இல்லேன்னா பழையபடி அட்டையும் அழிரப்பரும்தான்" என்று சொல்லிவிட்டார். என் உழைப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் தொங்கியது. இறக்கிக்கொள்ள இணையத்தில் ஒரு பக்கம் வேண்டுமே! மாப்பிள்ளை விளம்பரத் துறையில் இருப்பவராயிற்றே என்று அவரிடம் ஒப்படைத்தேன். அடுத்த சில வரிகளில் மட்டும் அவரை 'உங்கள் மகன்' என்று எழுதுகிறேன். மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகன் போட்ட பக்கத்தைத் திறந்ததுமே, 'உங்கள் நடமாட்டத்தைக் கவனிக்கலாமா?' என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நின்றது. 'சரி' என்பது பூசணிக்காய் அளவு, 'வேண்டாம்' என்பது எறும்பு அளவு. அதைத் தாண்டினால் மின்னஞ்சல் கொடு, கைப்பேசி எண் கொடு, அதற்கு வந்த ரகசிய எண்ணைக் கொடு, எதற்காக வந்தாய் சொல்லு என்று ஒரே விசாரணை. எல்லாம் கொடுத்து முடித்தால் பச்சைப் பச்சையாக ஏகப்பட்ட பொத்தான்கள். பாவம், தலைமையாசிரியையம்மா இருப்பதிலேயே பெரியதை அழுத்தியிருக்காங்க, அது விளம்பரம். எனக்குப் போன் வந்தது. "சார், நான் கால அட்டவணை கேட்டா, உடம்பை இளைக்கச் சொல்றீங்க." போதாக்குறைக்கு மறுநாள் ஆசிரியர் கூட்டத்தின் நடுவே வீட்டுக்கடன் வேணுமா, கார் கடன் வேணுமா என்று அவருக்கு அழைப்பு மேல் அழைப்பு.

"என்ன மாப்ளே இது?" என்று கேட்டேன்.

"யார் வர்றாங்க, எங்கேருந்து வர்றாங்கன்னு தெரியாம எப்படி மாமா?"

"தெருக்குழாயில தண்ணி பிடிக்கிறவங்ககிட்ட பேரும் ஊரும் கேப்பீங்களா? வந்தாங்க, பிடிச்சாங்க, போனாங்க. அவ்வளவுதானே?"

"அப்ப நீங்களே போட்டுக்கங்க!"

போட்டேன் சம்பந்தி! முதலில் நானும் சறுக்கத்தான் செய்தேன். மென்பொருளின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் எழுதி, கீழே எங்கோ பொத்தானை வைத்தேன். என் மனைவி படித்துவிட்டு, "எடுத்துட்டுப் போக வந்தவளை உக்காரவச்சுப் பாடம் நடத்துறீங்களே, உருப்படுமா?" என்றாள். அழித்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: இது என்ன செய்யும் என்று ஒரு வரி, எந்தக் கணினியில் ஓடும், கோப்பு எவ்வளவு பெரியது, வேண்டாமென்றால் எப்படி நீக்குவது, நடுவில் ஒரே ஒரு பொத்தான். அதன் கீழே, 'உங்களைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, கவனிப்பதில்லை, சேர்த்து வைப்பதில்லை.' மாப்பிள்ளை எட்டிப் பார்த்து, "மாமா, இது இரங்கல் செய்தி மாதிரி இருக்கு" என்றார்.

அவரையும் கூட்டிக்கொண்டே பள்ளிக்குப் போனேன். அலுவலக அறையில் இருப்பது நான் இருந்த காலத்துக் கணினி. இணையமோ மூச்சு வாங்கும். பக்கம் கண் சிமிட்டுமுன் வந்தது. அந்தம்மா அழுத்தினாங்க. இறங்கிடுச்சு. அடுத்து என்ன கேக்கப்போகுதோன்னு கைப்பேசியை எடுத்துக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க!

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

"ஒண்ணுமே கேக்கலையே!"

சம்பந்தி, என் வாழ்நாளில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. அட்டவணை தயாராகி அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டது. பக்கத்துப் பள்ளிகளுக்கும் அவரே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் மாப்பிள்ளை, "கை குடுங்க மாமா, தோத்துட்டேன்" என்றார். பெருந்தன்மை, தங்கள் வளர்ப்பு! இனி அவர் எங்கள் மாப்பிள்ளையேதான்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். தாங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், யாரும் அநாவசியமாகக் கேள்வி கேட்காமல் நிம்மதியாக வாழப் பிரார்த்திக்கும்,

தங்கள் அன்புச் சம்பந்தி

பி.கு.: யார் வந்தார்கள், யார் இறக்கினார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் அந்தப் பக்கத்தின் பெருமை. ஆனால் நானோ வருகைப்பதிவு எடுக்காமல் ஒரு வகுப்பைக்கூடத் தொடங்கியவன் இல்லை, சாப்பாடே இறங்கமாட்டேங்குது. அதனால் தெரிந்த ஆசிரியர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தலைமையாசிரியை இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. கடன்காரக் கம்பெனியே தேவலை என்றாராம். தங்களிடம் பள்ளி இல்லை என்பது தெரியும். இருந்தாலும் தாங்கள் இறக்கியிருந்தால், எப்போது, எந்தக் கணினியில், பொத்தானை அழுத்துமுன் எவ்வளவு நேரம் யோசித்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்களுடைய போன் எண் என்ன என்று உடனே எழுதவும். மாப்பிள்ளைக்குத் தெரியவேண்டாம்.