நிறுத்தம் இல்லாத ஆறு

படகைத் திருப்பிக் கொடுக்க இன்னும் ஏழு மணி நேரம் இருபது நிமிடம் இருந்தது. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட நாற்பத்தெட்டு மணி நேரம். இரண்டையும் மனதுக்குள் கணக்குப் போட்டபடி முதல் துறையில் அவர் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஓர் ஆள் தோளில் குழாய்ச் சுருளோடு படகில் ஏறி உட்கார்ந்தார்.

"ஹலோ, யாருங்க நீங்க?"

"பம்பு மெக்கானிக். நாலாவது ஊர்ல இறக்கி விட்டுருங்க, டிரைவர் அண்ணே."

"நான் டிரைவர் இல்ல. டூரிஸ்ட்."

இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர் சொல்கிற பேச்சில்லை அது. ஆனால் பத்தொன்பது நாளாக அவர் சஸ்பென்ஷனில் இருந்தார். அவருடைய வழித்தடத்தில் ஒரு நிறுத்தத்தை அதிகாரி ஒருவர் காகிதத்தில் அடித்துவிட்டார். அங்கே தினமும் நிற்கும் பதினோரு பேரை அடிக்க முடியவில்லை. அவர்கள் வழக்கம்போல நின்றார்கள். அவரும் வழக்கம்போல நிறுத்தினார். குற்றம் அவ்வளவுதான்.

கடிதத்தை டிப்போவிலேயே டைப் அடித்துக் கொடுத்திருந்தார்கள். 'தெரியாமல் நிறுத்திவிட்டேன். இனி நிறுத்த மாட்டேன்.' திங்கட்கிழமை ஒன்பது மணிக்குள் கையெழுத்து வந்தால் ஸ்டியரிங். வராவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ண வேண்டும்.

"தெரியாமலா? கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டுதானே நிறுத்தினேன்!" என்று முதல் நாள் கத்தியவர், அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். அதனால்தான் மனைவி இந்தப் படகை வாடகைக்குப் பிடித்தாள். நாமே ஓட்டிக்கொள்ளலாம். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள்.

"ரெண்டு பேருக்கு எதுக்குப் பன்னிரண்டு சீட்டு?" என்று அவர் காலையிலேயே கேட்டிருந்தார்.

"சின்னதெல்லாம் போயிடுச்சாம்."

அவள் கையில் 'கரையோரம் காண வேண்டிய ஊர்கள்' என்ற சிறு புத்தகம். நான்கு ஊர்களுக்கு அடியில் கோடு போட்டு, பக்கத்தில் நேரமும் குறித்திருந்தாள்.

"இந்தா பாரு, ஊருக்கு நல்லது பண்ணிக் கெட்டது போதும். இனி என் வண்டியில ஒரு ஈ ஏறக்கூடாது" என்றார் அவர்.

"ஏறிட்டாரே. குழாயைத் தூக்கிட்டு மனுஷன் எப்படி நடப்பாரு? ஊருக்கு ஊர் ஓடின லாஞ்சை நிறுத்தி ரெண்டு வருஷமாச்சாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

சரி, ஒரே ஒரு ஆள் என்று கிளம்பினார்.

இரண்டாவது ஊரில் பழைய தபால் நிலையத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் மனைவி. துறை நெருங்கியதும் அவருடைய வலது கால் தரையில் பிரேக்கைத் தேடியது. படகுக்குப் பிரேக் கிடையாது. கட்டையில் டம்மென்று இடித்து நின்றது.

அந்தச் சத்தத்துக்கே காத்திருந்ததுபோல ஒரு தையல்காரம்மா மெஷின் தலையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறினாள். பின்னால் அவள் தங்கையும் தங்கை மாப்பிள்ளையும்.

"அம்மா, இது தனியார் படகு!"

"நல்லதாப் போச்சு. லாஞ்சு மாதிரி லேட்டாகாது."

தபால் நிலையத்தை யாரும் பார்க்கவில்லை. மனைவி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மடியில் வைத்து ஏதோ எழுதினாள்.

"என்ன எழுதுற?"

"ஆளுக்கொரு மிதவைச் சட்டை கொடுக்கணும்ல? கணக்கு. எல்லாம் உங்களாலதான். பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுல இருந்திருக்கலாம்."

மூன்றாவது ஊரில் அவர் ஒரு தந்திரம் செய்தார். துறைக்கே போகவில்லை. நடு ஆற்றில் நங்கூரத்தைப் போட்டார்.

"செங்கல் சூளைதானே? இங்கேருந்தே பாரு. புகை தெரியுதா? அதான் சூளை."

மெக்கானிக் வாயில் இரண்டு விரலை வைத்து ஒரு விசில் அடித்தார். கரையிலிருந்து ஒரு சின்னத் தோணி புறப்பட்டு வந்தது. அதிலிருந்து முட்டை வியாபாரியும் அவர் மனைவியும், ஆறு அட்டை முட்டையோடு பின்பக்கமாக ஏறினார்கள். மிதவைச் சட்டைகள் தயாராக நீட்டப்பட்டன.

"ஏன் அண்ணே நடு ஆத்துல நிறுத்துனீங்க? எங்களுக்குத்தானே சிரமம்" என்று முட்டைக்காரர் கோபித்துக்கொண்டார்.

நான்காவது ஊரை நிற்காமல் கடந்துவிடுவது என்று முடிவு செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். படகு குதித்தது.

"முட்டை! முட்டை!" என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் அலறினார்கள்.

"என் ஊரு! என் ஊரு! இறங்கணும்!" என்று குழாய்ச் சுருளோடு எழுந்து நின்றார் மெக்கானிக்.

வேறு வழியில்லை. வேகத்தைக் குறைத்துத் துறைக்குத் திருப்பினார். இந்தமுறை கால் பிரேக்கைத் தேடவில்லை. கை தானாக விசையைப் பின்னுக்கு இழுத்தது. ஒரு முட்டைகூட உடையாமல் படகு கட்டையை உரசி நின்றது.

"அடேயப்பா! கை பழகின கை" என்றாள் தையல்காரம்மா.

மெக்கானிக் இறங்கினார். ஐந்து பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். அதில் ஊன்றுகோலோடு ஒருவர். அந்த ஊன்றுகோல் படகின் விளிம்பைத் தொட்டபோது இவருக்குள் என்னவோ அறுந்தது.

"பாத்து ஏறுங்க! உள்ள தள்ளி உட்காருங்க! வழியில நிக்காதீங்க! யாருங்க அது, பெட்டியை மடியில வைங்க!"

எல்லோரும் மறுபேச்சில்லாமல் தள்ளி உட்கார்ந்தார்கள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு தன் குரலைக் கேட்டு அவரே கொஞ்சம் பயந்துபோனார்.

"எத்தனை ஆச்சு?"

"நம்மளோட சேர்த்துப் பன்னிரண்டு" என்றாள் மனைவி. "ஃபுல்."

அப்போதுதான் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஒரு பக்கம் ஊர்வாரியாக ஆள் கணக்கு. மறுபக்கம் டைப் அடித்த இரண்டு வரி.

"அடிப்பாவி, அந்தக் கடிதமா இது?"

"கைக்குக் கிடைச்சது. இப்ப என்ன பண்றது?"

"பேனாவைக் கொடு."

அவசரமே இல்லாமல், முழங்காலில் வைத்து, 'தெரியாமல்' என்பதை அடித்தார். மேலே 'தெரிந்தேதான்' என்று எழுதினார். 'நிறுத்த மாட்டேன்' என்பதை அடித்து 'நிறுத்துவேன்' என்று எழுதினார். கீழே பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

"கையெழுத்துதானே கேட்டாங்க? திங்கக்கிழமை இதையே கொடுக்கிறேன். போல்ட்டு எண்ணணும்னா எண்ணுறேன். அதுவும் ஒண்ணும் குறையாம எண்ணுவேன்."

மனைவி தாளை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

கயிற்றை அவிழ்க்கப் போனவர் நின்றார். ஊருக்கு ஊர், அதுவும் சொல்லிவைத்த நேரத்துக்கு, மூட்டையோடு ஆள்.

"ஆமா, லாஞ்சுதான் இல்லையே. இந்தப் படகு வரும்னு உங்களுக்கெல்லாம் யாருங்க சொன்னது?"

மனைவி அவசரமாகப் புத்தகத்தைப் பிரித்தாள். தலைகீழாக.

தையல்காரம்மா சிரித்தாள். "வேற யாரு, உங்க வீட்டம்மாதான். 'நிறுத்தம் இல்லாத இடத்துலயும் நிறுத்துற டிரைவர் ஒருத்தர் வர்றாரு, ஏத்த மாட்டேன்னு கத்துவாரு, கண்டுக்காம ஏறி உட்காருங்க'ன்னு மூணு நாளா ஒவ்வொரு துறைக்கும் போன் போட்டாங்களே."