தூணில் நின்ற கழுகு

ஒரு காட்டில் இருந்த ராணுவத்துக்கு விமானப் பிரிவு ஒன்று உண்டு. பிரிவு என்றால் செங்கோடன் என்ற வயதான கழுகு மட்டும்தான். முன்பு மூன்று கழுகுகள் இருந்தன. உதிரி இறகு கிடைக்காததால் மற்ற இரண்டின் இறகையும் பிடுங்கிப் பிடுங்கித்தான் செங்கோடனைப் பறக்க வைத்தார்கள். அந்த இரண்டும் இப்போது முகாம் சமையலறையில் வெங்காயம் உரிக்கின்றன.

மலைமுகட்டுக் காவல் சாவடிக்குச் சாப்பாடு கொண்டுபோவதும், அங்கே அடிபட்டவர்களைக் கீழே கொண்டுவருவதும் செங்கோடன் வேலை. கழுகின் கால்பிடியில் முயல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவதை அந்தக் காட்டில் மட்டுமே பார்க்கலாம்.

தளபதி கரடியாருக்கு இது பழங்காலமாகப் பட்டது. நவீனமயமாக்கக் குழு போட்டார். புதிய பறவைக்கு நாற்பத்தொரு தகுதிகள் எழுதினார்கள். பாரம் சுமக்க வேண்டும், புழுதி தாங்க வேண்டும், தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டும். ஒன்பது ஆண்டு தேடியதில் எல்லாவற்றிலும் தேறியது நெருப்புக்கோழியார்தான். அவர் கப்பலில் வந்தார். அப்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஓய்வுபெற்ற விமானத்தை முகாம் வாசலில் தூண்மேல் நிறுத்துவது வழக்கம். செங்கோடனையும் நிறுத்தினார்கள். சிறகை விரித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். இரண்டே நாளில் தோள் கடுத்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது.

மூன்றாம் நாள் முகட்டில் பாறை சரிந்து, காவலில் இருந்த முயல் பூவரசனின் கால் நசுங்கியது. தூணடி அலுவலகத்து வாக்கி டாக்கியில் அவன் குரல் இழுத்து இழுத்து வந்தது. ரத்தம் நிற்கவில்லை, பொழுது சாய்வதற்குள் யாராவது வராவிட்டால் தாங்காது என்றான்.

கரடியார் நெருப்புக்கோழியாரைப் புறப்படச் சொன்னார்.

"நான் பறக்கிறதில்லையே ஐயா," என்றார் அவர் பணிவாக.

பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். பறக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. பறவைக்கு அதையுமா எழுதுவது என்று குழு விட்டிருந்தது.

மேலிருந்து செங்கோடன் கேட்டார்: "நான் போய்ட்டு வந்துடவா ஐயா?"

"நீ இப்ப நினைவுச்சின்னம்பா. உன்னை நகர்த்தணும்னா தொல்பொருள் துறையில எழுதிக் கேக்கணும். பதினஞ்சு நாளாவது ஆகும்."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. "செங்கோடண்ணே, அங்கதான இருக்கீங்க?"

கரடியார் நிமிர்ந்து பார்த்தபோது தூண் காலியாக இருந்தது.

வெயில் இறங்குவதற்குள் பூவரசன் கீழே வந்துவிட்டான். இறங்கிய இடத்திலிருந்து மருத்துவக் கூடாரம் வரை நாற்பது அடி. அந்த நாற்பது அடியும் அவனைச் சுமந்து ஓடியவர் நெருப்புக்கோழியார். நவீனமயமாக்கத்தின் முதல் வெற்றி என்று அறிக்கை போனது. பதக்கம் அவருக்கு வந்தது. செங்கோடன்மீது விசாரணை நடந்தது. அரசு நினைவுச்சின்னத்தை அனுமதியின்றி அகற்றியதாகக் குற்றச்சாட்டு. அகற்றியதும் அகற்றப்பட்டதும் ஒரே ஆள் என்பதால் தண்டனையை இரட்டிப்பாக்கினார்கள்.

பூவரசன் ஊன்றுகோலோடு மறுபடி முகட்டுக் காவலுக்குப் போனான். அங்கிருந்து பார்த்தால் வாசல் தூண் தெரியும். செங்கோடன் சிறகை விரித்தபடி நிற்கிறார். கணுக்கால் வரை புதிய சிமென்ட் பூச்சு.

நீதி: நினைவுச்சின்னம் நிறுவும்போது சிமென்ட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள், பார்த்தால் என்றாவது ஒருநாள் வேலை நடந்துவிடும்.