நாலு பேர் வாங்கட்டும்

கடைத்தெருவுக்கு வருகிறவர்களில் வாங்க வருகிறவர், வேடிக்கை பார்க்க வருகிறவர் என்று இரண்டே வகைதான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் இன்னும் சவுரியப்பனைச் சந்திக்கவில்லை என்று அர்த்தம். அவர் மூன்றாவது வகை. புதுச் சாமான் ஒன்று ஊருக்குள் வந்தால் முதல் ஆளாக ஓடி வருவார். கையில் எடுப்பார், திருப்புவார், கவிழ்ப்பார், காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார், விலை கேட்பார், ரிப்பேர் ஆனால் யாரிடம் போவது என்று கேட்பார், செய்தவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்பார், கடைக்காரர் பொட்டலம் கட்டச் சணலை எடுக்கும் நேரம் பார்த்துச் சாமானைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தட்டிக்கொண்டு சொல்வார்:

"நல்லாத்தான் இருக்குது. நாலு பேர் வாங்கட்டும்."

கஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் பணம் இருந்தது. முட்டாளா? அதுவும் இல்லை. மாரண்டஹள்ளிக்கு மேற்கே, ஓடையைத் தாண்டி நாற்பது வீடுகள் இருக்கிற சூசைப்பட்டியில் அவரைவிட விவரம் தெரிந்த ஆள் கிடையாது. விவரம் அத்தனையும் அவருக்குத் தெரியும். பொருள்தான் அவரிடம் இருக்காது.

குக்கர் என்ற சாமான் அந்த ஊரில் ஏழு வீட்டில் விசில் அடித்த பிறகுதான் எட்டாவதாக அவர் வீட்டில் அடித்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ அவர் வாங்கும்போது, முதலில் வாங்கியவர் வீட்டு ரேடியோ கிழடு தட்டி, தலையில் தட்டினால்தான் பேசும் என்ற நிலைமைக்கு வந்திருந்தது. கல்யாணத்திலும் இதே கதைதான். அவர் மனைவி மதலேனம்மாள் அதைச் சிரிக்காமல் சொல்வாள்: "எங்க அக்காளுங்க ரெண்டு பேரும் கட்டிக் குடுத்த எடத்துல ஒழுங்கா குடும்பம் நடத்தறாங்களான்னு பாத்துட்டுத்தான் எங்க வூட்டுக்காரரு என்னைப் பொண்ணு கேட்டு வந்தாரு."

இப்படிப்பட்டவர் இருந்த ஊருக்குத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருஷம் சித்திரை மாதத்தில் வெயிலிலிருந்து விளக்கு எரிக்கும் தகடு வந்தது.

சூசைப்பட்டிக்குக் கரண்டுக் கம்பம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கம்பி வரவில்லை. கம்பங்கள் ஆடுகள் முதுகு சொறிந்துகொள்ளவும், தேர்தலுக்குத் தேர்தல் சுவரொட்டி ஒட்டவும் பயன்பட்டுவந்தன. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த முனியப்பனுக்கு இந்தக் கம்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு யோசனை ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ்ஸின் மேல் ஒரு தகட்டைக் கம்பளியில் சுற்றிக் கட்டி, மடியில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். பூசை முடிந்து சனங்கள் வெளியே வந்தபோது கோயில் முற்றத்தில் தகடு வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

பட்டப்பகலில் விளக்கை எப்படிக் காட்டுவது? கோயில் சாமான் அறையைத் திறந்துவிடச் சொன்னான் முனியப்பன். உடைந்த பெஞ்சுகளும் தேர்க் கயிறும் கிடந்த அந்த இருட்டறைக்குள் பத்துப் பத்துப் பேராக அனுப்பி, கதவைச் சாத்தி, சுவிட்சைப் போட்டான். உள்ளே போன ஒவ்வொரு கூட்டமும் 'ஆ' என்றது. சவுரியப்பன் மூன்று கூட்டத்தோடு மூன்று தடவை உள்ளே போய்வந்தார். பிறகு ஆரம்பித்தார்.

"ஆலங்கட்டி மழை பேஞ்சா?"

"தடிமனான கண்ணாடிங்கண்ணா. தாங்கும்."

"கொரங்கு வந்தா?"

"வரட்டும்ங்க. திங்கறதுக்கு இதுல ஒண்ணுமில்லீன்னு அதுவே போயிரும்."

"வெயிலே அடிக்கலீன்னா?"

முனியப்பன் துண்டை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தான். "அண்ணா, இந்தத் தர்மபுரி ஜில்லாவுல வெயிலடிக்காத நாளு ஒண்ணைக் காட்டுங்க. தகட்டை உங்களுக்குச் சும்மாவே குடுத்துர்றேன்."

சவுரியப்பன் சொல்லவேண்டியதைச் சொல்லிக் கைகளைத் தட்டிக்கொண்டார். கூட்டமும் கலையப் பார்த்தது. அப்போதுதான் ராமக்காள் முன்னால் வந்தாள். மாரண்டஹள்ளி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் பார்க்கிறவள். வீட்டில் பேசுவது கன்னடம், வியாபாரம் தமிழில், சண்டை இரண்டிலும்.

"ஏனப்பா முனியப்பா, போன மாசம் அரிக்கேன் வெளிச்சத்துல தக்காளி பொறுக்கறப்ப கூடைக்குள்ள இருந்த தேளு என் கையில போட்டுருச்சு. உன் லைட்டுல தேளு தெரியுமா?"

"தேளோட மீசையே தெரியும்ங்கக்கா."

"அப்பச் செரி. கட்டு."

அவ்வளவுதான். நாற்பது வீட்டில் முதல் தகடு ராமக்காளின் ஓட்டுக் கூரையில் ஏறியது. அதன் பின்னாலேயே சவுரியப்பனும் ஏறினார்.

ஆமாம், தகடு வாங்கியது அவள், பார்த்துக்கொண்டது இவர். தினமும் காலையில் மல்பெரித் தோட்டத்துக்குப் போகிற வழியில் ராமக்காள் வீட்டுக் கூரையில் ஏறித் தூசி துடைப்பார், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று கையை நெற்றிக்கு வைத்துப் பார்ப்பார், பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று மூடியைத் திறந்து மோப்பம் பிடிப்பார். தகடு கெட்டுப்போனால் முதலில் தெரியவேண்டியது தனக்குத்தான் என்பது அவர் கணக்கு. அது கெட்டுப்போவதாக இல்லை. ஆடிக்குள் இன்னும் மூன்று வீடு வாங்கிவிட்டது. அவர் கேட்ட நாலு பேர் ஆயிற்றே? உடனே வாங்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"மழைக்காலம் ஒண்ணு போகட்டும்" என்றார்.

மழைக்காலம் போயிற்று. "வெல எறங்கும்னு பேசிக்கறாங்க" என்றார். விலை கொஞ்சம் இறங்கியது. "அப்ப அடுத்த மாடலு வரப்போவுது" என்றார்.

இதற்குள் ஒரு விசித்திரம் நடந்தது. பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்தும் மகேந்திரமங்கலத்துப் பக்கமிருந்தும் தகட்டைப் பற்றி விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் சவுரியப்பனைத்தான் தேடி வந்தார்கள். அவரும் ஆளைக் கூரை மேல் ஏற்றி, தெற்கே எவ்வளவு சாய்க்கவேண்டும், பேட்டரிக்கு எந்தத் தண்ணீர் ஊற்றவேண்டும், எத்தனை மணி நேரம் எரியும், ஒயர் நீளமானால் வெளிச்சம் ஏன் மங்கும் என்று அரை நாள் விளக்கிவிட்டு, கடைசியில் அவசரப்படவேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்புவார். வந்தவர்கள் நேராக முனியப்பனிடம் போய் வாங்கினார்கள். இவ்வளவு விவரமாகக் கேட்ட பிறகு சும்மா திரும்பிப் போக யாருக்கு மனசு வரும்? பஸ் ஸ்டாண்டில் ஒரு மேஜையோடு இருந்த முனியப்பன் ஒரு கடை பிடித்தான், பெயர்ப்பலகை மாட்டினான், எதிரே போட்டிக்கு இன்னொருவன் கடை திறக்கும் அளவுக்கு வளர்ந்தான். சவுரியப்பன் அந்தப் பக்கம் போனால் முதல் டீ அவருக்குத்தான்.

சூசைப்பட்டியில் பத்தொன்பது கூரையில் தகடு மின்னியது. பத்தொன்பதையும் துடைத்த ஆளின் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு.

அவர் ஏன் அப்படி என்று மதலேனம்மாளுக்குத் தெரியும். சவுரியப்பனுக்கு இருபது வயசிருக்கும்போது, பாலக்கோட்டில் தைத்த பெல்பாட்டம் பேண்ட்டை அந்த வட்டாரத்திலேயே முதன்முதலில் போட்டுக்கொண்டு தேர்த் திருவிழாவுக்குப் போனார். அகலமான அந்தக் கால்கள் தெருப் புழுதியைக் கூட்டிக்கொண்டே போயின. பின்னால் வந்த யாரோ, "சவுரி முன்னால போனாப் போதும், தேருக்குத் தனியா தெருக் கூட்ட வேணாம்" என்றார்கள். ஒரு வருஷம் முழுக்க அவருக்குத் 'தொடப்பம்' என்று பெயர். அடுத்த திருவிழாவுக்கு அப்படிச் சொன்னவர்களே பெல்பாட்டத்தில்தான் வந்தார்கள். ஆனால் சவுரியப்பன் அன்றைக்குப் பழைய வேட்டியில் இருந்தார். முதலில் போகிறவனைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும் என்று அவருக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்துவிட்டது. கடைசியில் போகிறவனைப் பார்த்தும் சிரிக்கும் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

எண்பத்தெட்டு தை மாதம் மதலேனம்மாள் பட்டுப்புழு வைத்திருந்தாள். பட்டுப்புழு வளர்ப்பு என்பது கைக்குழந்தை வளர்ப்பு மாதிரி. கடைசி வாரத்தில் புழுக்கள் அகோரப் பசியோடு தின்னும். பொழுது சாய்ந்த பிறகும் இலை போடவேண்டும். மண்ணெண்ணெய் வாசம் அதுகளுக்கு ஆகாது, ஒரு சொட்டு இலையில் பட்டால் தீர்ந்தது. ஒரு சாயங்காலம் அதுதான் நடந்தது. இலைக் கூடையைத் தூக்கும்போது மதலேனம்மாளின் முழங்கை விளக்கில் பட்டது. விளக்கு சாய்ந்து ஒரு தட்டு முழுக்க எண்ணெய் பரவியது. விடிந்து பார்த்தால் அந்தத் தட்டில் விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்த புழுக்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. இருபத்துநாலு நாள் அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

சவுரியப்பன் வழக்கம்போலக் கூரைகளுக்குப் புறப்பட்டுப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மகள் ஞானமேரியைக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் நாலைந்து பேரையும் கூப்பிட்டாள்.

சவுரியப்பன் அப்போது தெருக்கோடியில் சின்னப்பன் வீட்டுக் கூரை மேல் உட்கார்ந்து தகட்டின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஏதோ ஊர்வலம் போவதுபோலத் தெரிந்தது. தலைகளுக்கு மேல் பெரிய பெரிய மூங்கில் தட்டுகள், தட்டுகளில் பச்சை இலை, இலை மேல் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள். நல்ல வளர்ப்பு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். முன்னால் போகிற சேலை எங்கேயோ பார்த்த சேலையாக இருக்கிறதே என்று அப்புறம்தான் தோன்றியது.

"ஏ மதலேனு! எங்க போறே?"

அவள் நின்றாள். தலையில் தட்டு இருந்ததால் நிமிர முடியவில்லை. தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வெளிச்சம் இருக்கற வூட்டுக்குங்க."

"யாரு வூட்டுக்கு?"

"ராமக்கா எடம் தரேன்னு சொல்லீருச்சு. கூடு கட்டி முடியற வரைக்கும் நானும் மேரியும் அங்கதான். சோறு ஆக்கி வெச்சிருக்கறேன். வெளக்கு சாஞ்சு கெடக்குது, எடுத்து நிறுத்திக்குங்க."

ஊர்வலம் நகர்ந்தது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவரைக் குடைந்தது. கூரையில் உட்கார்ந்தபடி பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் அவர் துடைத்துவிட்ட தகடுகள் பளபளத்தன. அவற்றின் நடுவில் அவர் வீட்டு ஓடு மொட்டையாக இருந்தது. அந்த உயரத்திலிருந்து தன் வீட்டை அவர் கவனித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இரண்டு நாள் தனியாகச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் சைக்கிளை மிதித்து மாரண்டஹள்ளிக்குப் போனார். முனியப்பன் டீக்குச் சொல்லிவிட்டு, "என்ன சந்தேகம்ங்கண்ணா?" என்றான்.

"ஒண்ணுமில்ல. ஒரு தகடு எடு."

"யாருக்குக் காட்டணும்ங்க?"

"யாருக்கும் காட்டறதுக்கில்ல. எனக்கு."

முனியப்பன் எழுந்துவந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். "வூட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்களே?"

"அட, எட்றா!"

இதுவரை எத்தனையோ பேருக்குத் தகடு மாட்டிய முனியப்பன், இவர் வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவமானம். சவுரியப்பன் தனியாகவே ஏறினார், தனியாகவே மாட்டினார். மற்றவர் கூரையில் இரண்டு வருஷம் கற்ற வித்தை முழுவதையும் அதில் இறக்கினார். பேட்டரிக்குத் தனிப் பலகை, ஒயருக்கு மூங்கில் குழாய், புழுத் தட்டுகளுக்கு நேர் மேலே விளக்கு. அப்படி ஒரு வேலைப்பாடு அந்த ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. ராமக்காளே வந்து பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். பாராட்டாகத்தான் இருக்கவேண்டும். சத்தம் குறைவாக இருந்தது.

புழுக்கள் கூடு கட்டி முடித்த சாயங்காலம் மதலேனம்மாள் மகளோடு வீடு திரும்பினாள். பட்டுக்கூடுகள் கூடை கூடையாக வந்தன. சவுரியப்பன் வாசலில் நின்றார், உள்ளே போனார், மறுபடி வாசலுக்கு வந்தார். கடைசியில் சுவிட்சைப் போட்டார். சுவரெல்லாம் வெளுத்தது. இருபது வருஷத்து விளக்குப் புகை அதில் தீட்டியிருந்த கறுப்பும் துல்லியமாகத் தெரிந்தது.

மதலேனம்மாள் விளக்கைப் பார்க்கவில்லை. ஒரு கூட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"கூடு எப்பிடி?" என்றார் அவர். உண்மையில் கேட்க நினைத்தது விளக்கைப் பற்றி.

"வெள்ளையா இருக்குதுங்க" என்றாள். பிறகு பாயை இழுத்து விளக்குக்கு நேர் கீழே போட்டு, "நீங்களும் உக்காருங்க. ஆளுக்கு ஒரு கூடை நல்லது கெட்டது பிரிச்சுப் போட்டா வெரசா முடிஞ்சிரும்" என்றாள்.

உட்கார்ந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேரும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கூடு பிரித்தார்கள் என்று எதிர்வீட்டுக்காரன் சொல்கிறான். பெல்பாட்டம் கதைகூட வந்ததாம். சொன்னது சவுரியப்பனேதானாம்.

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்து நீங்கள் நிம்மதியாக மூச்சு விடுவது எனக்குத் தெரிகிறது. விடுங்கள். ஆனால் ஒரு வார்த்தை. இதைப் படிக்கும்போது இரண்டு மூன்று இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் தலையைத் தூக்கி, பக்கத்தில் இருக்கிறவரும் சிரிக்கிறாரா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டீர்கள். அது போகட்டும். இந்தப் புத்தகம் நீங்களே முதலில் போய்க் கடையில் வாங்கியதா, இல்லை வாங்கிப் படித்தவர் யாரோ நன்றாயிருக்கிறது என்று சொன்னதற்குப் பிறகு இரவல் கேட்டு எடுத்துவந்ததா?

பதில் சொல்லவேண்டாம். அட்டையை மட்டும் திருப்பி, உள்ளே யார் பேர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.