தவளைக்குக் கிடைத்த பதவி உயர்வு

"என்னம்மா, இன்னும் கிளம்பலையா?"

மேனேஜர் குரல் கேட்டதும் புகார் அக்கா காகிதத் தவளையின் மேல் ஒரு ஃபைலைக் கவிழ்த்தாள்.

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் வேலை. அதனால் அந்தப் பெயர். ஊரில் எந்தக் குழாய் அழுதாலும் அவள் தலையில்தான் விடியும். போன மாதம் ஒருநாள், ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுக்க ஒரு தாளை மடித்தாள். மடிப்பு எங்கோ பிசகித் தாள் தவளையாகிவிட்டது. முதுகில் தட்டினால் குதித்தது! அன்றோடு அக்கா பழைய அக்கா இல்லை.

வீட்டில் மடிக்க வழியில்லை. அவள் செய்த முதல் தாமரையில் மாமியார் வெங்காயத் தோலைப் போட்டார்; காம்பை உருவிக் கணவர் காது குடைந்தார். ஆகவே ஐந்து மணிக்கு மேல் அரை மணி நேரம், காலி ஹாலில், அவளும் காகிதமும். இந்த உலகத்திடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

"கொஞ்சம் வேலை பாக்கி சார்."

"நாளைக்குப் பாத்துக்கலாமே?"

மேனேஜர் வாசலை அடைக்கிற உடம்புக்காரர். அவர் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"மனசு கேக்காது சார்."

மறுநாளே அவள் பாரத்தைக் குறைக்க ஓர் உதவியாளரைப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு இருந்தது வாயல்ல, உடைந்த குழாய்.

"நீங்க இருக்கும்போது நான் மட்டும் எப்படிக்கா போவேன்?" என்று கூடவே உட்கார்ந்துவிட்டாள். மடிக்கிற தாளை வெளியே எடுக்க முடியவில்லை.

அக்கா பேயாக உழைத்தாள். அவள் முத்திரை குத்திய வேகத்தில் அடுத்த தெருவில் நிலநடுக்கப் புரளியே கிளம்பியது. இருவர் வேலையையும் மாலைக்குள் முடித்து, உதவியாளரை வீட்டுக்கு விரட்டிவிட்டுத் தாளை எடுத்தால், வாசலில் மேனேஜர்!

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சேம்மா?"

"நாளைக்கு வேலைய இன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன் சார்."

மேனேஜர் விட்ட பெருமூச்சில் நாலு புகார் மனுக்கள் பறந்தன. காலையில் பதவி உயர்வு உத்தரவு வந்தது. மேல் மாடியில் தனி அறை.

அக்கா கணக்குப் போட்டாள். பதவி என்றால் மீட்டிங். மீட்டிங் என்றால் அரை மணி நேரம் அம்பேல். தவளையை ஏந்திக்கொண்டு மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், தினமும் உக்காந்து செஞ்சது இதைத்தான். எனக்குப் பதவியெல்லாம் வேணாம்."

பதற்றத்தில் விரல் பட்டது. தவளை எகிறி அவர் தொப்பையில் உட்கார்ந்தது.

மேனேஜர் கோபப்படவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"தவளையையும் கூட்டிட்டு மேல போயிடுங்கம்மா. அஞ்சு மணிக்கு மேல உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க. கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இருக்கு. இன்னிக்கே போயிடுங்க!"

அக்காவின் சாமான் பெட்டியை வாட்ச்மேன் சுமந்து வந்தார். அக்காவுக்குக் கால் படியில் பாவவில்லை.

"தங்கமான மனுஷன்! என் உழைப்பை எப்படி மதிச்சிருக்கார் பாத்தீங்களா?"

வாட்ச்மேன் பெட்டியை இறக்கி வைத்தார்.

"உழைப்பாவது ஒண்ணாவது! ஐயா டான்ஸ் கத்துக்கறாரும்மா. அந்த உடம்பு சுத்தி வர அந்த ஹாலை விட்டா வேற இடமில்ல, நீங்க எப்படா எழுந்திரிப்பீங்கன்னு போன மாசத்துலேர்ந்து ஷூவை மாட்டிக்கிட்டுக் காத்துக் கிடக்காரு!"