நாற்பது இடுப்பு இரவல்

ஒரு மொழியில் ஒரு சொல்லும் தெரியாதவனால் யாருக்கும் ஆபத்து இல்லை. கையைக் காட்டுவான், சிரிப்பான், தன் பாட்டில் போய்விடுவான். ஐந்து சொல் தெரிந்தவனுக்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு ஸ்பானிஷில் ஐந்து சொல் தெரிந்திருந்தது. அதை நம்பி ஒரே பின்னேரத்தில் பதினெட்டு வீடுகளில் ஏறி இறங்கி, முன்பின் பழகாத மனிதர்களிடம் அவர்களுடைய இடுப்பை இரவல் கேட்டேன். நாளைக்கே திருப்பித் தருவதாக வாக்கும் கொடுத்தேன்.

இத்தனைக்கும் நான் பெரிய வெட்கக்காரன். டென்மார்க்கில் நாங்கள் இருந்த வைலே நகரத்தில் பஸ்ஸில் இறங்குவதற்கு மணி அடிக்க வெட்கப்பட்டு, வேறு யாராவது அடிக்கும் தரிப்பு வரை போய், மழையில் திரும்பி நடந்து வந்தவன். டெனிஷ் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கதிரை, அதாவது நாற்காலி, செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். கதிரைக்குக் கால் பூட்டுவது என் வேலை. கதிரைகள் கேள்வி கேட்பதில்லை என்பதால் அந்த வேலை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

அங்கே என்னோடு வேலை செய்த பீர்த்தா என்ற டெனிஷ் அம்மா ஒரு சிறிய உதவிச் சங்கத்தில் இருந்தார். குவாத்தமாலாவில் நீண்ட காலம் நடந்த போர் அப்போதுதான் முடிந்திருந்தது. மெக்சிக்கோவுக்கு அகதிகளாக ஓடியவர்கள் திரும்பி வந்து காட்டோரத்தில் புதிய ஊர் ஒன்றை அமைத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான்கு மாதம் போய் உதவ இரண்டு இளம் ஆட்கள் தேவை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பீர்த்தா கேட்டார்: "உனக்குச் சின்னப் பிள்ளைகளைப் பிடிக்குமா?" நான் "யா" என்றேன். "தூரப் பயணம் போவாயா?" "யா." (யார் எதைக் கேட்டாலும் நான் "யா" என்றுதான் சொல்வேன். "இல்லை" என்றால் காரணம் சொல்ல வேண்டி வரும்.) மூன்றாவது "யா"வோடு நான் ஆசிரியராகிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வாத்தியாரோ? பஸ்ஸில மணி அடிக்க வெக்கப்படுற நீ, பள்ளிக்கூடத்தில என்னெண்டு மணி அடிக்கப் போறாய்?"

அம்மா அவரை அடக்கினார். "சும்மா இருங்கோப்பா. சண்டை முடிஞ்ச நாடாம். போயிட்டு வரட்டும்."

"ஓம், ஓம். எங்கட நாட்டுச் சண்டை எப்ப முடியுமெண்டு தெரியேல்ல. முடிஞ்ச இடத்தையாவது ஒருத்தன் பாத்திட்டு வரட்டும்" என்றார் அப்பா. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வடக்கே ரண்டர்ஸ் நகரம் வரைக்கும் உள்ள தமிழ் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, மகனை வெளிநாட்டு அரசாங்கம் படிப்பிக்கக் கூப்பிட்டிருக்கிறது என்று அறிவித்துவிட்டார்.

போவதற்கு முன் சங்கத்தில் ஆறு நாள் ஸ்பானிஷ் வகுப்பு வைத்தார்கள். முதல் நாளே எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. மேசைக்கு ஸ்பானிஷில் "மேசா". காலில் போடுகிற சப்பாத்துக்கு "சப்பாத்தோ". ரொட்டிக்கு நாங்கள் சொல்லும் பாணுக்கு "பான்". நாங்கள் இருக்கிற வாங்குக்கு "பாங்கோ". யாழ்ப்பாணத்தை ஒரு காலத்தில் போர்த்துக்கேயர் ஆண்டதால் எங்கள் தமிழில் தங்கிவிட்ட சொற்கள் இவை. ஸ்பானிஷ் அந்த மொழிக்குச் சகோதரி. வேறு ஊர்களுக்குப் போகவிருந்த டெனிஷ் பிள்ளைகள் கொப்பியில் எழுதி எழுதிப் பாடமாக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பாடம் எனக்குப் பிறக்கும்போதே தெரிந்திருந்தது! வீட்டுச் சாமான்களைப் பற்றிய இரண்டாம் நாள் வகுப்புக்கு நான் போகவே இல்லை. மேசையை "மேசா" என்றால், கதிரையை என்னவென்று சொல்வார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வகுப்பு வேண்டுமா? "கதேரா" என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷில் கதேரா என்றொரு சொல் உண்மையாகவே இருக்கிறது. அதற்கு இடுப்பு என்று பொருள். கதிரைக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் "சில்யா". (காற்சட்டைக்கு எங்கள் சொல்லான களிசானை நினைத்துக்கொண்டு, அவர்கள் உள்ளாடைக்கு வைத்திருக்கும் சொல்லால் நான் அங்கே கேட்ட இன்னொரு கேள்வியைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். என் மகள் இதைப் படிப்பாள்.)

என்னோடு வந்தவள் மெத்தெ என்ற டெனிஷ் பெண். அவளுக்கு ஸ்பானிஷ் தண்ணீர் மாதிரி ஓடும். அவள் பேச, நான் பக்கத்தில் நின்று சிரிப்பேன். பிள்ளைகளுக்கு நான் ஆங்கில எண்களும் நிறங்களும் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரையும் பலகைச் சுவரும்தான். உள்ளே ஒரு மேசை, ஒரு வாங்கு. நாற்பது பிள்ளைகளும் தரையில் பாயில் இருந்தார்கள். கதிரையே இல்லாத இடத்தில் கதிரை என்ற சொல்லுக்கும் வேலை இல்லை. அதனால் மூன்று வாரம் என் கண்டுபிடிப்பு சோதிக்கப்படாமல் பத்திரமாக இருந்தது.

நான்காம் வாரம் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. தலைமை ஆசிரியை தோஞா மார்த்தா (தோஞா என்பது மரியாதைச் சொல், ஆணுக்குத் தோன்) அகதி முகாமிலிருந்தே சம்பளம் இல்லாமல் படிப்பித்து வந்தவர். அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அது அரசுப் பள்ளிக்கூடம்; போடாவிட்டால் வெறும் கொட்டகை. கொட்டகை என்றானால் அடுத்த தவணை அந்தக் குழந்தைகள் ஆற்றைக் கடந்து இரண்டு மணி நேரம் நடந்து வேறு ஊருக்குப் போக வேண்டும். அதில் ஆறு வயதுக் குழந்தைகளும் இருந்தார்கள்.

அதிகாரியைக் கூட்டிவர மெத்தெ முதல் நாளே பட்டணத்துக்குப் போய்விட்டாள். தோஞா மார்த்தா என்னைக் கூப்பிட்டார். (அவர்கள் சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில்தான் எழுத முடியும். அன்று விளங்காமல் போனவற்றை மெத்தெ பிறகு விளக்கினாள்.)

"தம்பி, பிள்ளையள் தரையில இருக்கிறதைப் பாத்தா அந்த மனுசன் கையெழுத்து வைக்கமாட்டார். ஊரில வீட்டுக்கு ரெண்டு மூண்டு கதிரை இருக்கு. எல்லாத்தையும் நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு வா. நீ டென்மார்க்கில இதைத்தானே செய்யிறனி?"

பேச்சோடு பேச்சாக அவர் வாங்கின் முதுகைத் தட்டிக் காட்டியதால் எனக்கு விசயம் விளங்கிவிட்டது. அவர் வாயிலிருந்து "சில்யா" என்ற சொல் மூன்று முறை வந்ததாம். என் காதில் அது விழவே இல்லை. எனக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே!

முதல் வீட்டில் ஒரு பெண் சோளரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கதேராவைத் தவிர மற்றச் சொற்களை அகராதியில் தேடி, வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"அம்மா, உங்கட இடுப்பை எனக்கு இரவல் தருவியளோ? நாளைக்கு மத்தியானம் திருப்பித் தாறன்."

ரொட்டி அவள் கையில் அப்படியே நின்றது. "என்ர இடுப்போ?"

"ஓம். ரெண்டு இருந்தா ரெண்டும் நல்லம். எனக்கு நாப்பது வேணும்."

அவள் பின்பக்கம் திரும்பி மாமியாரைக் கூப்பிட்டாள். மாமியார் ஒரு கையைச் சுவரில் ஊன்றியபடி வந்தார். "மாமின்ர இடுப்பும் இருக்குத்தான். ஆனா அது சரியில்லை, ஆடுது" என்றாள் மருமகள், கண்ணை என்மேல் வைத்தபடி.

"ஆடினாப் பரவாயில்லை" என்றேன் தொழிற்சாலைப் பெருமையோடு. "நான் ஆணி அடிச்சு இறுக்கித் தாறன்."

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஏதோ தடங்கல் என்று மட்டும் எனக்கு விளங்கியது. என்னை நம்பவில்லைப் போலும் என்று நினைத்து, அகராதியைப் புரட்டி என் தகுதியைச் சொன்னேன். "டென்மார்க்கில நான் செய்யிறது இடுப்பு. ஒரு நாளைக்கு இருநூறு. மரத்தில செய்யிறம், இரும்பிலயும் செய்யிறம்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகம் போய், அவர்கள் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. மாமியார் என் கையைப் பிடித்து "நாளைக்குக் காலமை பள்ளிக்கூடத்துக்குத்தானே?" என்று கேட்டார். "ஓம் ஓம், பள்ளிக்கூடத்துக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. நான் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. வாசலிலேயே நின்று "நாளைக்கு, நாளைக்கு" என்று தலையாட்டினார்கள். இவ்வளவு வெட்கக்காரனுக்கு இவ்வளவு திறமையா என்று எனக்கே புல்லரித்தது.

கடைசி வீட்டில் தோன் எவுசேபியோ இருந்தார். மெலிந்த கிழவர். எல்லை தாண்டி ஓடியபோது பள்ளத்தில் விழுந்ததிலிருந்து ஒரு பக்கம் சாய்ந்துதான் நடப்பார். அவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"நோகுமோ, மகன்?"

எங்கள் கதிரையில் இருந்தால் முதுகு நோகுமா என்று கேட்கிறார் என நினைத்தேன். "இல்லை ஐயா. எங்கட இடுப்புக்கு மெத்தை வைச்சிருக்கு. அம்பது வருசத்துக்கு ஒண்டும் செய்யாது."

அவர் என் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார். கதிரைக்கு இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறாரே என்று எனக்கு இரக்கமாக இருந்தது.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் நின்றேன். ஏழு மணியாகியும் ஒரு கதிரையும் வரவில்லை. தோஞா மார்த்தா என்னைப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். எட்டு மணிக்கு, வளைவில் ஓர் ஊர்வலம் தெரிந்தது. ஊரில் உள்ள இடுப்பு நோக்காரர் அத்தனை பேரும் வந்துகொண்டிருந்தார்கள். ஊன்றுகோலோடு சிலர், மகனின் தோளைப் பிடித்தபடி சிலர், கோவேறு கழுதையில் ஒருவர். முதலாவதாக அந்த மாமியார். வந்து ஒழுங்காக வரிசையில் நின்றார்கள்.

நின்றார்கள் என்பது தவறு. இடுப்பு நோக்காரரால் எப்படி நிற்க முடியும்? வைத்தியர் கூப்பிடும் வரை இருப்பதற்கு ஆளுக்கொரு கதிரையைக் கொண்டுவந்திருந்தார்கள். துணைக்கு வந்தவர்களும் தங்களுக்கு ஒன்றைத் தூக்கி வந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. மெத்தெ இறங்கி வரிசையைப் பார்த்தாள். மாமியாரிடம் என்ன விசயம் என்று கேட்டாள். மாமியார் இடுப்பைத் தொட்டுக் காட்டி, பிறகு என்னைக் காட்டினார். மெத்தெ முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நீ இவர்களிடம் என்ன கேட்டாய்?" என்றாள் டெனிஷில்.

"கதிரை. கதேரா."

"அது இடுப்பு! நீ இடுப்புச் செய்கிறவன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாய்!"

காட்டுக்குள் ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வழியை அடைத்துக்கொண்டு அதிகாரி நின்றார். "யார் இவர்கள்? ஏன் இங்கே இருக்கிறார்கள்?" என்று அவர் தோஞா மார்த்தாவைக் கேட்டார்.

மெத்தெ அதற்குள் ஆசிரியையின் காதில் விசயத்தைக் குசுகுசுத்திருந்தாள். தோஞா மார்த்தா ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. "இவை எங்கட பெற்றார் சங்கம். பிள்ளையளுக்குக் கதிரை கொண்டு வந்திருக்கினம்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, வரிசையிடம் போய்த் தாழ்ந்த குரலில் கெஞ்சினார். "அரை மணித்தியாலம். பள்ளிக்கூடத்துக்காக."

தோன் எவுசேபியோதான் முதலில் எழும்பினார். தன் கதிரையைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போய் வைத்தார். பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள். பிள்ளைகள் ஏறி இருந்தார்கள். முப்பத்தேழு கதிரை, மூன்று கதிரைகளில் இரண்டிரண்டு பேராக நெருக்கி நாற்பதையும் அடைத்தோம். அதிகாரி கேள்வி கேட்டார், கொப்பி பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிள்ளைகள் நான் ஒருநாளும் கேட்டிராத சத்தத்தில் ஆங்கிலத்தில் இருபது வரை எண்ணினார்கள். வெளியே அந்த மனிதர்கள் பலகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலிலும் அரைக் காலிலும், ஒரு முனகல் இல்லாமல் நின்றார்கள். அரை மணித்தியாலம் ஒரு மணித்தியாலமாகியது.

அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனதும் என் முறை வந்தது. எல்லோரும் திரும்பக் கதிரைகளில் இருந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். மெத்தெ சொல்லட்டும் என்று நான் அவள் பின்னால் ஒதுங்கினேன். அவள் விலகி நின்றுகொண்டாள். "நீதான் கேட்டாய். நீதான் சொல்ல வேண்டும்."

அன்று காலை மெத்தெ சொல்லித்தந்த புதிய சொல்லோடு நடுவில் போய் நின்றேன். "நான் இடுப்புச் செய்யிறதில்லை" என்றேன். "சில்யா செய்யிறனான்." தோன் எவுசேபியோவின் கதிரையைத் தொட்டுக் காட்டினேன்.

அவருடைய முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. பிறகு அவர் குரல்தான் கேட்டது.

"அப்ப, அந்த அம்பது வருசம்?"

"கதிரைக்கு, ஐயா."

அவர் கொஞ்ச நேரம் கதிரையையும் தன் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்புப் புறப்பட்டது. "ஆணி அடிக்கிறன் எண்டு சொன்னானே!" என்று மாமியார் கத்த, மற்றவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். (சிரித்தாலும் நோகுமாம்.) நான் ஓடிப்போய், அம்மா கட்டித்தந்த நோ எண்ணெய்ப் போத்தலை எடுத்துவந்து, தோன் எவுசேபியோவிலிருந்து தொடங்கித் தேய்த்துவிட்டேன். ஏழாவது ஆளோடு போத்தல் முடிந்தது. ஒருவருக்கும் குணமாகவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் எனக்கு "இடுப்பு வாத்தியார்" என்று பெயர்.

டென்மார்க் திரும்பி இதை அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அது எங்கள் ஜூட்லாந்துப் பகுதி முழுவதற்கும் சொன்ன மாதிரி. விபோர்க் நகரத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில், நான் அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பதைப் பொறுக்காமல் அப்பா இந்தக் கதையை எடுத்துவிட்டார். குசினிக்குள் ஒரு பெண் தேநீர்த் தட்டை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அன்று நான் நிமிர்ந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக அதே பெண்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இவர் இரவல் கேட்டா மட்டும் யோசிச்சுக் குடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் யாரும் கதிரையைக் கதிரை என்று சொல்வதில்லை. போன மாதம் மகளின் பிறந்தநாளுக்கு நிறையப் பேர் வந்துவிட்டார்கள். வரவேற்பறையிலிருந்து மகள் டெனிஷில் கத்தினாள்: "அப்பா, இன்னும் மூன்று இடுப்பு குறையுது!"

தமிழர் எல்லோரும் சிரித்தார்கள். சோபாவில் இருந்த பக்கத்து வீட்டு டெனிஷ் அம்மா மட்டும் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்னிடம் ஒன்று இருக்கிறது" என்றார் பயந்துபோய். "ஆனால் அது ஆஸ்பத்திரியில் ஈஸ்டருக்குத்தான் மாற்றிப் போட்டது."