ஒதுங்கு ராத்தா வென்ற ஓட்டம்

எழுபதுகளின் கடைசியில் சாய்ந்தமருதுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் பிறந்தவர்களில் பாதிப் பேர், இந்த உலகத்தில் முதன்முதலாகக் கேட்ட மனிதக் குரல் ஒதுங்கு ராத்தாவுடையது. மீதிப் பாதிப் பேர் அவர் வந்து சேர்வதற்குள் அவசரப்பட்டுப் பிறந்தவர்கள்.

ராத்தா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களின் பேச்சில் அக்கா. அவர் மருத்துவிச்சி. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியன்று சைக்கிள் மீது மதில் விழுந்து மணியும் பிரேக்கும் போயின. மணிக்குப் பதிலாக "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று கத்துவார். பிரேக்குக்குப் பதிலாக வலது காலைத் தரையில் தேய்ப்பார். அதனால் அவருடைய வலது செருப்பு மாதம் ஒன்று தேயும். இடது செருப்புகள் புதிதாகவே வீட்டில் சேர்ந்துகொண்டிருந்தன.

அந்தக் குரலுக்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. ராத்தா மெதுவாகப் போனால் வீடு பார்க்கப் போகிறார். வேகமாகப் போனால் எங்கோ ஒரு பெண்ணுக்கு நோவு கண்டுவிட்டது. உடனே லொறியும் ஒதுங்கும், மாடும் ஒதுங்கும். நிறைமாதப் பெண் இருக்கும் வீடுகளில் எதற்கும் இருக்கட்டும் என்று அடுப்பில் தண்ணீர் ஏற்றிவிடுவார்கள்.

மணியும் பிரேக்கும் இல்லாமல் சமாளித்தவரால் சங்கிலியைச் சமாளிக்க முடியவில்லை. அது நினைத்த இடத்தில் கழன்றது. ஒருமுறை நாவிதன்வெளிக்குப் போகும் வழியில் மூன்று தரம் கழன்று, ராத்தா போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து அழுதுகொண்டிருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ராத்தாவுக்குத்தான் ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

சூறாவளிக்கு அடுத்த வருடம், அறுவடை முடிந்த கையோடு, ஓர் இளைஞர் கழகம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டம் வைத்தது. முதல் பரிசு புத்தம் புதிய லேடீஸ் சைக்கிள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் ராத்தா. தேநீர்க் கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்:

"பொம்புளயளுக்கு என்னத்துக்குகா ஓட்டம்?"

"உங்கட மூணு புள்ளக்கும் நான் நடந்தா வந்தன்?" என்றார் ராத்தா. கேட்டவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

என்னை நேரக் கணக்காளராகப் போட்டார்கள். நொடிமுள் ஓடும் கைக்கடிகாரமும், கண்டதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் பழக்கமும்தான் என் தகுதி.

சாய்ந்தமருதில் புறப்பட்டு, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, கடைசி ஒரு மைல் மேடு பள்ளமான வாய்க்கால் கரைக் கட்டின் மேல் ஓடி, வீரமுனையில் முடிக்க வேண்டும். மலைச் சைக்கிள் ஓட்டம் என்று இப்போது ஒன்று சொல்கிறார்கள். எங்களிடம் மலை இல்லாததால் வாய்க்கால் கட்டை வைத்துச் சமாளித்தோம்.

ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். ராத்தா பக்கத்தில் நின்ற இளம் தாதியை மேலும் கீழும் பார்த்தார்.

"புள்ள, இறங்கு."

"ஏன் ராத்தா?"

"உனக்கு மூணு மாசம். வாய்க்கால் கட்டு குலுக்கும். இறங்கு."

கூட்டத்தில் நின்ற தாதியின் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போட்டியைக் குறைக்கும் தந்திரம் என்று கழகத்தார் சந்தேகப்பட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பிள்ளை பிறந்தபோது சந்தேகம் தீர்ந்தது.

ஐந்து பேரும் எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் புறப்பட்டார்கள். நான் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து தொடர்ந்தேன். காரைதீவுச் சந்தி வரை முன்னால் போனவர் வீரமுனை விளையாட்டு டீச்சர். ராத்தா மூன்றாவது. சந்தியில் ஒரே கூட்டம். ராத்தா தம்மையறியாமல் வாயைத் திறந்தார்.

"ஒதுங்கு! ஒதுங்கு!"

ஓட்டம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மருத்துவிச்சி விளையாட்டுக்காக ஓடுவார் என்பது ஒருவர் மனத்திலும் பதியவில்லை. நெல் லொறி நின்றது. இரண்டு மாட்டு வண்டிகள் வயலில் இறங்கின. ராத்தா போனதும் இரண்டும் மறுபடி ரோட்டில் ஏறின. டீச்சர் அவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டார். வழி நெடுக வேலிப் படலைகள் திறந்தன.

"ஆருக்குகா நோவு?"

"ஒருத்தருக்குமில்ல! ஓட்டம்!"

"இந்த வேகத்துக்கு இரட்டப் புள்ளதான்," என்று படலையடியில் முடிவு செய்தார்கள்.

வாய்க்கால் கட்டில் சங்கிலி இரண்டு தரம் கழன்றும் ராத்தாதான் முதலாவது. அவருக்குப் பின்னால் மூன்று கேத்தல் வெந்நீரும் ஒரு கட்டுப் பழந்துணியும் வீரமுனைக்கு வந்து சேர்ந்தன. வெந்நீரை வீணாக்காமல் எல்லோருக்கும் தேநீர் போட்டார்கள்.

இரண்டாவதாக வந்த டீச்சர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். "ராத்தா நல்லாத்தான் ஓடினவ. ஆனா ரோட்டு அவவுக்கு மட்டும்தானே திறந்தது?"

கழகத்தார் என் குறிப்புப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார்கள். லொறி நின்ற நேரம், வண்டிகள் இறங்கிய நேரம், ஏறிய நேரம் எல்லாம் அதில் இருந்தன. வாசித்தேன்.

"ஓம், தம்பி எழுதினது சரி," என்றார் ராத்தா. "நான் வழி கேட்டன், குடுத்தாங்க. ஓட்டத்தில வழி கேக்கப்படாது." டீச்சருக்குப் போன பரிசுச் சைக்கிளின் இருக்கை உயரம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, பழைய சைக்கிளில் ஏறிப் போனார். முப்பதடி தூரத்தில் சங்கிலி கழன்றது. அதையும் எழுதிக்கொண்டேன்.

என் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். நான் வீடு திரும்பியபோது மாமி வாசலிலேயே காத்திருந்தார்.

"நம்மட புள்ளக்கி வாற சைக்கிளத்தானே மருமகன் வாசிச்சுக் குடுத்துட்டு வந்திரிக்கீங்க?"

குறிப்புப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஓட்டம் முடிந்த பதினோராம் நாள் பகலில் மனைவிக்கு நோவு கண்டது. ஓடிப் போய் ராத்தாவைக் கூப்பிட்டேன். வரும் வழியில், சந்தையடியில், சங்கிலி கழலவில்லை, அறுந்தே போனது. அந்நேரம் பரிசுச் சைக்கிளில் டீச்சர் வந்தார்.

"புள்ள, இறங்கு," என்றார் ராத்தா.

டீச்சர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்கு ஒண்டுமில்ல ராத்தா!"

"உனக்கில்ல, இந்தத் தம்பிட பொஞ்சாதிக்கி!"

ராத்தா ஏறி மணியை அடித்தார். சந்தையில் ஒரு தலை திரும்பவில்லை. அந்த மணியை யாருக்குத் தெரியும்? பிரேக்கைத் தொட்டதும் சைக்கிள் நின்று அவரைத் தூக்கிப் போடப் பார்த்தது.

"தம்பி, எனக்கு இதோட மல்லுக்கட்டவே சரி. நீங்க கத்துங்க!"

நான் முன்னால் ஓடினேன். "ஒதுங்கு! ஒதுங்கு!" என்று வீட்டு வாசல் வரை கத்தினேன். சந்தை ஒதுங்கியது.

அந்தச் சைக்கிள் டீச்சரிடம் திரும்பிப் போகவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பிரேக் பிடித்துப் பழகிய பிறகு ராத்தாவின் இரண்டு செருப்பும் ஒரே அளவில் தேய்ந்தன.

அன்று நான் நேரம் பார்க்க மறந்துவிட்டேன். என் குறிப்புப் புத்தகங்களில் என் மகள் பிறந்த நேரம் மட்டும் ஒதுங்கு ராத்தாவின் கையெழுத்தில் இருக்கிறது. அது சரிதானா என்று நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.